ஒரே காற்றில் இரண்டு மூச்சு: பழைய டிரெய்லர் வீடுகளின் கணப்பு வரலாறு

காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லப்படும் சிறு வீடுகள் அமெரிக்காவில் 1930கள் முதல் 1960கள் வரை ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றைத் தேடி வாங்கிப் பழைய நிலைக்கு மீட்பது இன்று அங்கே பலரின் ஆழ்ந்த ஈடுபாடு. அலுமினியத் தகட்டை மெருகேற்றுகிறார்கள். உட்சுவரின் ஒட்டுப்பலகைக்குப் புது வார்னிஷ் பூசுகிறார்கள். அக்காலக் கைப்பிடிகளையும் விளக்குகளையும் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். இயன்றவரை எதையும் மாற்றாதே என்பது அவர்களின் கொள்கை. அந்தக் கொள்கை ஒரே ஒரு பொருளின் முன்னால் தடுமாறுகிறது. அது ஹீட்டர். பழையதைப் பழுதுபார்த்து மீண்டும் எரியவைப்பதா, கழற்றிவிட்டுப் புதியதை வைப்பதா? இது கைவினைஞரின் கேள்வி போலத் தோன்றினாலும் இதற்கான விடை வரலாற்றில்தான் கிடைக்கிறது. டிரெய்லர் ஹீட்டரின் வரலாறு என்பது நெருப்பு மூச்சுவிடும் காற்றையும் மனிதர் மூச்சுவிடும் காற்றையும் பிரித்தெடுத்த வரலாறு.

இந்தப் பிரிவு எவ்வளவு புதியது என்பதைச் சொற்களே காட்டுகின்றன. இன்று அடுப்பைக் குறிக்கும் 'ஸ்டோவ்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் சூடாக்கப்பட்ட அறையைக் குறித்தது. அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் 'ஷ்டூபெ' இன்றும் அறையையே குறிக்கிறது. புகைபோக்கியைக் குறிக்கும் 'சிம்னி' பிற்கால லத்தீனில் கணப்புள்ள அறையைக் குறித்த 'காமினாத்தா' என்ற சொல்லின் வழிவந்தது. அறையின் பெயர் கருவிக்கும், கருவியின் பெயர் அறைக்குமாக மாறி மாறி வழங்கியிருக்கிறது. நெருப்பு எரியும் இடமும் மனிதர் தங்கும் இடமும் ஒன்றாகவே இருந்த வாழ்க்கையின் சுவடு அது. பழைய வீடுகளின் கதவிடுக்குகளும் கூரை இடைவெளிகளும் அந்த வாழ்க்கைக்கு இடம்கொடுத்தன. சக்கரத்தின் மேல் ஏறிய வீட்டில் அந்த இடைவெளிகள் அடைபட்டன.

சக்கர வீட்டில் நெருப்பை வைப்பது அமெரிக்காவில் தொடங்கிய பழக்கமன்று. பிரிட்டனில் ரோமா மக்கள் 19ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய 'வார்டோ' என்னும் குதிரை வண்டி வீடுகளில் சிறிய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று இருக்கும். உள்ளே நுழைபவரின் இடக்கைப் பக்கத்தில் அது பொருத்தப்படும்; வண்டி செல்லும் திசையில் பார்த்தால் அது வலப்பக்கம். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், கூரைக்கு மேல் நீட்டிய புகைக்குழாய் சாலையோர மரக்கிளைகளில் இடிபடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இந்த அடுப்பு அறைக்காற்றை எடுத்து எரிந்தது. ஆனால் புகையைத் தன் குழாய் வழியே வெளியே விட்டது. மரச் சட்டமும் மெல்லிய பலகையும் கொண்ட வண்டியின் இடுக்குகள் வழியே புதுக்காற்று இடைவிடாமல் நுழைந்தது. நெருப்பையும் மனிதரையும் காத்தது அந்தக் கசிவே.

அமெரிக்க டிரெய்லரின் தொடக்கக் கதையில் ஹீட்டருக்குப் பெரிய இடமில்லை. காரணம் எளிது: டிரெய்லரே குளிரிலிருந்து தப்பும் கருவியாக இருந்தது. 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் உருவானது. வட மாநிலங்களின் பனிக்காலத்தைத் தவிர்க்கக் காரிலும் கூடாரத்திலும் பின்னர் டிரெய்லரிலும் தெற்கு நோக்கி வந்தவர்களே அதன் உறுப்பினர்கள். டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் தம் குடும்பத்துக்கெனச் செய்த டிரெய்லரை 1930இல் அந்நகரின் வாகனக் கண்காட்சியில் வைத்தார். அதிலிருந்து வளர்ந்த 'கவர்டு வேகன்' நிறுவனம் 1930களின் நடுவில் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளராயிற்று. கிளைடர் வடிவமைப்பாளரான ஹாலி பவுலஸ் 1934இல் அலுமினிய உடல் கொண்ட 'ரோடு சீஃப்' டிரெய்லரை உருவாக்கினார். அதன் வழிவந்த 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' 1936இல் வாலி பயம் என்பவரால் 1,200 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. இவற்றில் கணப்பு என்பது பெரும்பாலும் சிறிய நிலக்கரி அடுப்பாகவோ விறகு அடுப்பாகவோ எண்ணெய் அடுப்பாகவோ இருந்தது. குளிர் மிகுந்தால் வண்டியைத் தெற்கே ஓட்டிச் செல்லலாம் என்பதே உண்மையான கணப்பு.

பொருளாதாரப் பெருமந்தமும் இரண்டாம் உலகப் போரும் இந்த நிலையை மாற்றின. வீடிழந்தோரும் வேலை தேடி அலைந்தோரும் டிரெய்லரை ஆண்டு முழுவதும் வசிக்கும் வீடாக ஆக்கிக்கொண்டனர். அமெரிக்கர்களில் பாதிப்பேர் இருபது ஆண்டுகளுக்குள் டிரெய்லரில் வாழ்வார்கள் என்று பொருளியல் ஆருடம் சொல்லிவந்த ரோஜர் பாப்சன் 1930களின் நடுவில் கணித்தார். கணிப்பு பலிக்கவில்லை, எனினும் அக்காலத்தின் மனநிலையை அது காட்டுகிறது. போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளர்களைத் தங்கவைக்க அரசே ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களை வாங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் என்னுமிடத்தில் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்த ஃபோர்டு ஆலையைச் சுற்றி டிரெய்லர் குடியிருப்புகள் எழுந்தன. மிச்சிகனின் ஜனவரி இரவு உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். இரவுப்பணி முடித்துக் களைத்துப் படுக்கும் தொழிலாளியின் தலைமாட்டில் நெருப்பு எரிந்தாக வேண்டும். குளிரிலிருந்து ஓடுவதற்காகச் செய்த வீடு, குளிருக்குள் நிலையாக நிற்க வேண்டியதாயிற்று. ஹீட்டரின் வரலாறு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

நிலக்கரியும் மண்ணெண்ணெயும் இருந்த இடத்தைப் புரோப்பேன் வாயு பிடித்தது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் 1910இல், பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் பொருள்களை ஆராய்ந்தபோது புரோப்பேனை இனங்கண்டார். 1913இல் காப்புரிமை பெற்றார். புரோப்பேனின் கொதிநிலை −42° செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ −0.5°. இந்திய வீடுகளுக்கு வரும் சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கும். கடுங்குளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் நீர்மமாகவே தங்கிவிடும்; புரோப்பேன் அப்போதும் வாயுவாகி எரியும். எனவே பனிக்காலத்தில் வெளியே நிற்கும் டிரெய்லரின் முன்புறத்தில், காருடன் கோக்கும் நீள்சட்டத்தின் மேல், புரோப்பேன் சிலிண்டர்கள் இடம்பெற்றன. அவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

வாயு வந்ததும் சாம்பல் போயிற்று, கரி போயிற்று, கண்ணுக்குத் தெரியும் புகையும் போயிற்று. புகை போனதே புதிய ஆபத்தாயிற்று. கரிப்புகை கண்ணை எரித்து மனிதரை எழுப்பிவிடும். வாயுச் சுடரோ தூய்மையானதாகத் தோன்றும். 1950களின் பல டிரெய்லர்களில் சுவரில் பதித்த கதிர்வீச்சு ஹீட்டர்கள் இருந்தன. சிவந்து ஒளிரும் சுட்ட களிமண் தட்டுகளும் அழகிய முகப்பும் கொண்ட இவற்றுள் சிலவற்றுக்குப் புகைக்குழாய் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. குழாய் இருந்தவையும் எரிவதற்கான காற்றை அறையிலிருந்தே எடுத்தன.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு கிலோ புரோப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 3.6 கிலோ ஆக்சிஜன் தேவை. அதாவது சுமார் 12 முதல் 13 கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதும். மூன்று கிலோவாட் அளவுள்ள சிறு ஹீட்டர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 1.8 கிலோவுக்குச் சற்று மேல் புரோப்பேன் செலவாகும். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கொண்ட டிரெய்லரின் உள்ளளவு 20 கன மீட்டர். ஓர் இரவில் அந்த ஹீட்டருக்குத் தேவைப்படும் காற்று அந்த வீட்டிலுள்ள மொத்தக் காற்றையும் விஞ்சுகிறது. அந்தக் காற்றைத்தான் உறங்குபவரும் சுவாசிக்கிறார். மேலும் ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் ஓர் இரவில் மூன்று லிட்டர் நீரை ஆவியாக அறைக்குள் விடும். அது குளிர்ந்த அலுமினியச் சுவரில் படிந்து, காப்புப் பஞ்சை நனைத்து, மரச் சட்டத்தை உளுக்கவைக்கும். பழைய டிரெய்லர்களைப் பிரித்துப் பார்ப்பவர்கள் காணும் அழுகல் எல்லாம் கூரை ஒழுக்கால் வந்ததன்று. ஒரு பகுதி உள்ளிருந்தே வந்த ஈரம்.

ஆக்சிஜன் குறையும்போது, அல்லது சுடர் குளிர்ந்த உலோகத்தில் மோதும்போது, எரிதல் முழுமையடையாது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தளர்ச்சி ஆகிய அதன் அறிகுறிகளைச் சாதாரணக் காய்ச்சல் என்றே பலர் எண்ணிவிடுவர். உறங்குபவருக்கு அந்த அறிகுறியும் தெரியாது.

எரிவாயுவின் ஆபத்தை அமெரிக்கச் சமூகம் அறியாமல் இல்லை. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு தரைக்கு அடியில் கசிந்து தேங்கி வெடித்ததில் ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவில் துர்நாற்றப் பொருளைக் கலப்பது சட்டமாகிப் பரவியது. இன்றும் புரோப்பேனில் எத்தில் மெர்கேப்டன் கலக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு எரியாத வாயுவுக்கு மட்டுமே. சுடரில் புகும்போது மெர்கேப்டனும் எரிந்துவிடும். கசிவை மூக்கு கண்டுபிடிக்கும். குறைபட்ட எரிதலை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

தெர்மோகப்பிள் என்னும் கருவிக்கும் இதே எல்லை உண்டு. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1821இல் தாமஸ் சீபெக் கண்டறிந்தார். அந்த விளைவைக் கொண்டு, சிறு பைலட் சுடர் எரியும்வரை மட்டுமே வாயுவின் வால்வு திறந்திருக்குமாறு அமைத்தனர். சுடர் அணைந்தால் மின்னழுத்தம் விழும், வால்வு மூடிக்கொள்ளும். மின்கலம் இல்லாமல் சில மில்லிவோல்ட்டுகளால் இயங்கும் அழகிய ஏற்பாடு இது. பழைய ஹீட்டர்களில் பெரும்பாலும் முதலில் பழுதாவதும், மலிவாக மாற்றக்கூடியதும் இதுவே. ஆனால் சுடர் இருக்கிறதா என்பதை மட்டுமே அது அறியும்; நல்ல சுடரா என்பதை அறியாது. தெர்மோகப்பிளை மாற்றியதும் ஹீட்டர் எரியத் தொடங்கும். 'பழுது நீங்கிவிட்டது' என்று மீட்பவர் மகிழும் அந்த நேரத்தில், உண்மையான ஆபத்து தொடப்படாமலே இருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலுக்கான தீர்வு கருவியைச் செம்மைப்படுத்தியதால் மட்டும் வரவில்லை. நெருப்பை வீட்டிலிருந்து வெளியேற்றியதால் வந்தது. மூடிய எரியறை கொண்ட ஹீட்டரில் சுடர் ஓர் உலோகப் பெட்டிக்குள் எரிகிறது. அதற்கு வேண்டிய காற்று வெளிச்சுவரிலுள்ள துளை வழியே வருகிறது. புகை அதே இடத்திலுள்ள இன்னொரு துளை வழியே போகிறது. அறைக்காற்று அந்தப் பெட்டியின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறித் திரும்புகிறது. நெருப்பு வீட்டுக்குள் இருப்பதாகத் தோன்றினாலும், காற்றைப் பொறுத்தவரை அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. விசிறி கொண்ட வகையில் ஒரே மோட்டாரின் அச்சில் இரண்டு சக்கரங்கள் சுழலும்: ஒன்று நெருப்புக்குக் காற்றூட்டும், மற்றது அறைக்கு வெப்பக்காற்றை ஊதும். ஒரே அச்சு, ஒருபோதும் கலக்காத இரண்டு காற்று.

அமெரிக்காவில் சபர்பன் நிறுவனம் இவ்வகை ஹீட்டர் ஒன்றுக்கு 'நோவென்ட்' எனப் பெயரிட்டது. சொல்லளவில் 'புகைவழி இல்லை' என்று பொருள். உண்மையில் அதற்குச் சுவர் வழியாகப் போக்கும் வரத்துமாக வழி இருந்தது. இல்லாமற்போனது கூரைக்கு மேல் நீளும் குழாய் மட்டுமே. அன்றைய மக்களின் மனத்தில் 'புகைவழி' என்றால் உயர்ந்து நிற்கும் குழாய்தான் என்பதை அந்தப் பெயர் பதிந்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 1949இல் தொடங்கப்பட்ட ஜெர்மானிய ட்ரூமா நிறுவனமும் தரைக்கு அடியிலிருந்து காற்றெடுத்து வெளியே புகைவிடும் ஹீட்டர்களைக் கேரவன்களில் பரப்பியது.

பின்னர் விதிகள் வந்தன. நிலையாக வசிக்கும் டிரெய்லர் வீடுகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1974இல் நிறைவேறி, அதன் தரநிலை 1976 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பயண டிரெய்லர்களுக்கு இன்று பின்பற்றப்படும் என்.எஃப்.பி.ஏ. 1192 தரநிலையும் சமையல் அடுப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எரிபொருளால் இயங்கும் கருவிகளின் எரியமைப்பு வீட்டின் உட்காற்றிலிருந்து முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. கார்பன் மோனாக்சைடு அறிவிப்புக் கருவியையும் கட்டாயமாக்குகிறது. இவ்விதிகள் புதிதாகச் செய்யப்படும் வண்டிகளுக்கே உரியவை. 1955இல் செய்த டிரெய்லர் இவற்றுக்கு வெளியே நிற்கிறது. சட்டம் எட்டாத அந்த இடத்தில் முடிவெடுப்பவர் மீட்பவர் ஒருவரே.

இங்கே அவருக்குத் துணைநிற்கக்கூடியவர் ஆஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலாய்ஸ் ரீகல். 1903இல் நினைவுச்சின்னங்களைப் பற்றி எழுதியபோது அவர் தொன்மை மதிப்பு, வரலாற்று மதிப்பு, பயன்பாட்டு மதிப்பு என்று பிரித்துக் காட்டினார். பயன்பாட்டிலுள்ள ஒரு பழம்பொருள் மனித உயிருக்கு ஊறு செய்யுமானால் தொன்மை மதிப்பு வழிவிட வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். டிரெய்லரின் கதவுக் கைப்பிடியில் மூன்று மதிப்புகளும் முரணின்றி இணைகின்றன. அதே டிரெய்லரின் ஹீட்டரில் அவை மோதுகின்றன. 1955ஆம் ஆண்டின் ஹீட்டர் 1955ஐப் பற்றிய சிறந்த ஆவணமாக இருப்பதற்குக் காரணமே, அது அறைக்காற்றை உண்டு எரிந்தது என்பதுதான். அதன் வரலாற்றுத் தன்மையும் அதன் ஆபத்தும் ஒன்றே.

ஆகவே பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்வியை வேறுவகையாகக் கேட்க வேண்டும்: அந்த ஹீட்டர் எந்தக் காற்றை உண்கிறது? வெளிக்காற்றை உண்ணும் மூடிய எரியறை வகையாக இருந்தால் அதைப் பழுதுபார்ப்பது பொருளுள்ள செயல். தெர்மோகப்பிளையும் அழுத்தச் சீராக்கியையும் ரப்பர்க் குழாயையும் மாற்றலாம். எரிகுழலில் சிலந்தியும் குளவியும் கட்டிய கூட்டை அகற்றலாம். இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு பார்க்கலாம். ஆயினும் நெருப்பையும் அறையையும் பிரிக்கும் வெப்பமாற்றியில் துருவால் ஒரு விரிசல் விழுந்திருந்தால் பிரிவினை முடிந்துபோயிற்று. அதை ஒட்டுப்போடக் கூடாது. அறைக்காற்றை உண்ணும் வகையாக இருந்தால், எவ்வளவு நேர்த்தியாகப் பழுதுபார்த்தாலும் அது தான் செய்யப்பட்ட நாளின் நிலைக்கே திரும்பும். அந்த நிலையே சிக்கல். இரு வகையிலும் ஹீட்டரைச் சுற்றியுள்ள பழைய தடுப்புத் தகடுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், உரிய சோதனைக்கு முன் அவற்றை உடைப்பதும் அறுப்பதும் தகாது.

மீட்பவர்கள் பலர் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். பழைய ஹீட்டரின் முகப்பையும் உடலையும் இருந்த இடத்திலேயே விட்டு, வாயு இணைப்பைத் துண்டித்து அடைத்துவிடுகிறார்கள். மூடிய எரியறை கொண்ட புதிய ஹீட்டரை அலமாரிக்குள்ளோ இருக்கைக்கு அடியிலோ கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிறார்கள். இதற்கும் விலை உண்டு. பழையது ஓசையின்றி, மின்சாரமின்றி எரிந்தது. புதியதன் விசிறி இரவெல்லாம் 12 வோல்ட் பேட்டரியைக் குடிக்கும், இரையும். வெளிச்சுவரில் அன்று இல்லாத ஒரு துளை விழும். அந்தத் துளையைத் தொன்மையின் மேல் விழுந்த வடு என்று வருந்துவோர் உண்டு. ஆனால் டிரெய்லரின் வரலாற்றில் மிக முக்கியமான மாற்றம் நிகழ்ந்ததே அப்படியொரு துளையின் வழியாகத்தான். அதை மறைக்கத் தேவையில்லை. நாளிட்டு எழுதி வைப்பதே நேர்மையான ஆவணப்பணி.

இந்த வரலாறு அமெரிக்க டிரெய்லர்களோடு முடிவதில்லை. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும், மூடிய அறையில் அங்கீட்டி என்னும் கரிக்கணப்பை மூட்டி உறங்கியவர்கள் விடியலில் எழவில்லை என்ற செய்தி வருகிறது. அவர்களுள் பலர் கட்டுமானத் தொழிலாளர்கள், காவலாளிகள், ஓட்டுநர்கள். வேலைக்காக ஊர்விட்டு வந்து சிறிய இடத்தில் தங்கியவர்கள். வில்லோ ரன் தொழிலாளியின் நிலையிலிருந்து அவர்கள் நிலை அதிகம் வேறுபட்டதன்று. லடாக்கிலும் காஷ்மீரிலும் பயன்படும் புக்காரி அடுப்பு குழாய் வழியே புகையை வெளியேற்றுகிறது. அங்கீட்டிக்கு அதுவும் இல்லை. நெருப்பின் மூச்சைத் தனியே பிரிக்கும் தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பொழுதுபோக்குக்காகப் பழைய டிரெய்லரை மீட்பவருக்கு அதை வாங்கலாமா வேண்டாமா என்ற தேர்வு இருக்கிறது. குளிரில் உறங்கும் தொழிலாளிக்கு அந்தத் தேர்வே இன்னும் வந்து சேரவில்லை.